பெட்டி லாசர்

கல்மண்டபத்தில் வந்து இறங்கி லாசர் வீடு எங்கே என்று கேட்டால், "எந்த லாசரு? பேண்டு வாசிக்கிற லாசரா, பெட்டி லாசரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பெட்டி லாசர் என்று சொல்லிவிட்டால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு வாசல்வரை கூட வந்து காட்டிவிட்டுப் போவார்கள். வழியில் அந்தப் பெட்டியின் கதையையும் சொல்லிவிடுவார்கள், தாங்களே போய்த் தொட்டுவிட்டு வந்ததுபோல. பதின்மூன்று வருடம் அந்த மரியாதையில் வாழ்ந்த மனிதருக்கு ஒரு நாள்கூட அது உடம்பில் ஒட்டவில்லை. அது வெளியே யாருக்கும் தெரியாது.

லாசர் துறைமுகத்தில் முங்குகிற ஆள். கப்பல் விசிறியில் வடம் சுற்றிக்கொண்டால் அறுத்துவிட வேண்டும், கிரேனிலிருந்து நழுவிய இரும்பைத் தேடிக் கயிறு கட்டிவிட வேண்டும். செம்பில் செய்த பெரிய தொப்பியைத் தலையில் மாட்டித் திருகி, காலில் ஈயச் செருப்பைக் கட்டி இறக்கிவிடுவார்கள். மேலே படகில் இரண்டு பேர் சக்கரம் சுற்றிக் காற்று அனுப்புவார்கள். லாசரின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை கலீலுல்லாவின் கையில் இருக்கும். ஒரு இழுப்பு இழுத்தால் நன்றாக இருக்கிறேன், இரண்டு இழுத்தால் கயிறு விடு, மூன்று இழுத்தால் தூக்கு. வண்ணாரப்பேட்டை கலீலுல்லாவைத் தவிர வேறு யார் கயிறு பிடித்தாலும் லாசர் இறங்கமாட்டார். ஈஸ்டருக்கு இந்த வீட்டுச் சாப்பாடு அங்கே போகும், ரம்ஜானுக்கு அந்த வீட்டுப் பிரியாணி இங்கே வரும். கலீலுல்லாவின் மகள் சாபிரா நடக்கப் பழகியதே லாசர் வீட்டு முற்றத்தில்தான்.

எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கிழக்கே, கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்தில், வலை போட்டால் சிக்கிக் கிழிகிற இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு பழைய கப்பல் மூழ்கிக் கிடக்கிறது என்று மீன்பிடிக்கிற எல்லாரும் சொல்வார்கள். அதில் ஒரு ராஜாவின் நகைப்பெட்டி இருக்கிறது என்றும் சொல்வார்கள், பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை. எந்த ராஜா என்பதில் மட்டும் இடத்துக்கு இடம் பேச்சு மாறும். குப்பத்தில் கேட்டால் கண்டி ராஜா. வண்ணாரப்பேட்டை டீக்கடையில் அது ஆற்காட்டு நவாபு. பிற்பாடு பர்மாவிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தவர்கள், அதெல்லாம் இல்லை, எங்கள் ஊர் ராஜாவின் கெம்புக்கல் அது என்றார்கள். ஒரே கப்பலில் மூன்று ராஜாவை ஏற்றிவிட்டும் நம் ஜனங்கள் இதற்காக அடித்துக்கொள்ளாதது ஆச்சரியம்தான்.

அறுபத்தொன்றாம் வருடம் மயிலாப்பூரிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். பழைய காகிதங்களை நோண்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். ஒரு படகும் சாமான்களும் ஏற்பாடு செய்து, லாசரையும் கலீலுல்லாவையும் கூலி பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். லாசருக்கு அப்போது முப்பத்தாறு வயது. துறைமுகத்துக்குள் ஐந்து பாகம், ஆறு பாகம் ஆழம்தான் இருக்கும். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். இங்கே பதினான்கு பாகம். அதனால் என்ன என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு இறங்கினார்.

பாதிக்குமேல் போனதும் வெளிச்சம் செத்துவிட்டது. காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் வலித்தது. அப்புறம் ஏதோ ஒன்று கையைத் தொட்டது, விட்டது, மறுபடி முகக்கண்ணாடியைத் தடவியது. அறுந்த வலையாகத்தான் இருக்க வேண்டும், கரையில் உட்கார்ந்து யோசித்தால் அது விளங்குகிறது. அந்த நேரத்தில் லாசருக்கு அது கையாகத்தான் பட்டது. குண்டு கட்டி இறக்கியிருந்த வடத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மாதாவை வேண்டுகிற மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மறந்தது. உடுப்புக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விட்டார். கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை, அவ்வளவு சீக்கிரம் ஏறினால் என்ன சொல்வார்களோ என்று அந்தப் பயத்திலும் ஒரு பயம். போதுமான நேரம் ஆகிவிட்டது என்று தோன்றியதும் மூன்று முறை கயிற்றை இழுத்தார்.

தொப்பியைக் கழற்றினார்கள். வக்கீல் குனிந்து, "என்ன லாசர், பெட்டி இருக்கா?" என்றார். சுற்றி ஏழு முகம். அடிக்கே போகவில்லை சார், பயந்துவிட்டேன் என்று சொல்லத்தான் லாசர் வாயைத் திறந்தார்.

"கீது," என்றார்.

"தொட்டுப் பாத்தியா?"

"தொட்டேன் சார். மண்ணுல பாதி பொதஞ்சிகீது."

படகே ஆரவாரித்தது. கலீலுல்லா மட்டும் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். ஆட்களையும் பெரிய படகையும் கொண்டுவருகிறேன் என்று போன வக்கீல், மறு மாதமே மாரடைப்பில் காலமாகிவிட்டார். தேடுவதற்கு வேறு ஆள் வரவில்லை. செய்தியைக் கேட்டதும் லாசருக்கு முதலில் வந்தது நிம்மதி. ஒரு மனிதன் செத்ததற்கு நிம்மதிப்பட்டோமே என்று அடுத்த சனிக்கிழமை மாதாகோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி அழுதார். எதனால் நிம்மதி வந்தது என்பதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முன்னால் முழங்கால் போடும்போது, "பொய் சொன்னேன் சாமி," என்பார். "எத்தனை தடவை?" என்று சாமியார் கேட்பார். கேட்பது வழக்கம், பாவத்தைச் சொன்னால் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும். லாசர் கொஞ்சம் யோசித்து, "நாலு தடவை," என்பார். பெட்டிக் கதையை அந்த வாரத்தில் மட்டும் நாற்பது பேருக்குச் சொல்லியிருப்பார். பொய்யை ஒப்புக்கொள்ளப் போன இடத்திலேயே இன்னொரு பொய். அந்த நாக்கில்தான் நற்கருணை அப்பம் வாங்கினார் என்பதை நினைக்க அவருக்கே கூசியது.

கதை என்னவோ நன்றாக வளர்ந்தது. பெட்டிக்கு முதலில் பூட்டு வந்தது. இரண்டு வருடத்தில் பித்தளைப் பட்டை வந்தது, அப்புறம் மூடியில் ஒரு சிங்கம். சிங்கத்தை லாசர் சொல்லவே இல்லை, அது ஊரார் சேர்த்தது, ஆனால் மறுக்கவும் இல்லை. தேர்த் திருவிழாவில் வடத்தை முதலில் தொட அவரைக் கூப்பிட்டார்கள். மகள் ஹில்டாவைப் பெண் கேட்டு வந்த ரயில்வேக்காரர் வீட்டில், பெட்டியைத் தொட்ட கையோடு கை நனைப்பது எங்கள் பாக்கியம் என்றார்கள். மனைவி சிலுவையம்மாள் பெருமை தாங்காமல் அதைத் தெருவெல்லாம் சொன்னாள். லாசர் சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது.

காலப்போக்கில் காது மந்தமாகி, லாசர் முங்குவதை விட்டுத் துறைமுகத்தின் கயிறுக் கிடங்கில் வேலைக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவன் அமீர், சாபிராவின் புருஷன். கயிறு இப்போதும் கலீலுல்லா கையில்தான், மருமகனுக்காக.

எழுபத்துநான்காம் வருடம் பக்தவச்சலம் முதலியார் வந்தார். உடைத்த கப்பல்களின் இரும்பை வாங்கி விற்கிறவர். ஏலத்தில் ஒரு முங்கு உடுப்பும் காற்றுப் பம்பும் கையில் சிக்கியதும் அவருக்குப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. நேரே லாசர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"லாசரு, உன் ஒரு வார்த்தைய நம்பித்தான் எறங்கறேன். அமீருகிட்ட பேசிட்டேன், வர்ற ஞாயித்துக்கெழம. நீயும் போட்ல வரணும். பெட்டி அங்கதான கீது?"

"பதிமூணு வருசம் ஆச்சு முதலியாரே. கடல் இழுத்துகினு போயிருக்கும்," என்று லாசர் மெல்ல நழுவப் பார்த்தார்.

"ராஜா பெட்டியா? அத்தயெல்லாம் கடல் இழுக்காது. வெயிட்டு எவ்ளோ கீது!"

சனிக்கிழமை சாயங்காலம் சாபிரா வந்தாள். சிலுவையம்மாள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம்.

"மாமு, உள்ள கீறியா?"

"வா மா. அத்த இப்ப வந்துடுவா."

"அத்தய இன்னாத்துக்கு, உன்னத்தான் பாக்க வந்தேன்." தரையில் அவர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். "நாளிக்கி அவரு எறங்கறாரு. அடியில பூரா வலையா கீதாமே. சிக்கிகினா இன்னா ஆவறது மாமு? வாணாம்னா கேக்கமாட்டேன்றாரு. லாசர் மாமு தொட்ட பெட்டிய நான் தூக்கினு வர்றேன் பாருன்றாரு."

லாசர் மடியில் கிடந்த துண்டை மடித்தார்.

"ஊருல பேசறதெல்லாம் கெடக்குது. நீ என் மூஞ்சப் பாத்து சொல்லு. நீ தொட்டது நெஜந்தான? இல்லன்னா இப்பவே சொல்லிடு, நான் போயி அவர நிறுத்திக்கிறேன். யாராண்டயும் சொல்லமாட்டேன்."

இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வசதி செய்து கொடுக்க முடியும்? வீட்டில் வேறு ஆள் இல்லை. கேட்பவள் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வேறு சொல்கிறாள். இந்த ஒருத்தி கண்ணில் தாழ்ந்துபோவதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"கீது மா," என்றார்.

"அப்ப சரி. நீ சொன்னா போதும்," என்று எழுந்து, சமையல்கட்டுக்குள் போய்த் தானே தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, சிரித்தபடியே போனாள். லாசர் தன் முகத்தில் தானே அறைந்துகொண்டார். அறைந்து என்ன, ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை படகு கிளம்பியது. வக்கீலோடு போன அதே இடம். கரையில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் புதிதாக எழும்பி நின்றன. அமீருக்கு உடுப்பு மாட்டும்போது அவன், "மாமு, கெழக்கால எறங்கணுமா மேக்காலயா?" என்று கேட்டான். லாசர் எங்கேயோ கையைக் காட்டினார். தொப்பியைத் திருகினார்கள். அவன் தண்ணீருக்குள் போனான்.

லாசர் கலீலுல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் அவர்தான் கயிற்றின் அந்த முனையில் இருந்தவர். கலீலுல்லாவின் விரல்களுக்கிடையில் கயிறு வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வெள்ளைத் துணி முடிந்திருந்தது. ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. எத்தனை ஆழத்தில் ஆள் நிற்கிறான் என்று தெரிந்துகொள்ளத்தான் அது. ஒன்பது போனதும் ஒரு சிவப்புத் துணி படகின் விளிம்பில் ஏறி, தண்ணீரைத் தொட்டு, உள்ளே இறங்கியது. பத்தாவது பாகம்.

லாசர் விளிம்பில் குனிந்து அது போன இடத்தைப் பார்த்தார். வடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தான் தொங்கிய இடம் இவ்வளவு ஆழம் இருக்காது. அன்றைக்கும் இதே மாதிரி ஒருவர் இங்கே உட்கார்ந்து துணியை எண்ணிக்கொண்டிருந்தாரே.

"கலீலு," என்றார். "அன்னிக்கு இந்த செவப்புத் துணி தண்ணில எறங்கிச்சா?"

கலீலுல்லா திரும்பவில்லை. "பேசாத. கயிறு ஓடிகினு கீது."

"சொல்லு பா."

"ஒம்போதுல நின்னுச்சு," என்றார் கலீலுல்லா. "அதுக்குமேல நீ கேக்கல, நானும் வுடல."

பன்னிரண்டாவது துணி போயிற்று. லாசர் படகு ஆட எழுந்து நின்றார்.

"தூக்கு! மருமவன மேல தூக்கு! அங்க பெட்டியும் இல்ல, ஒரு எழவும் இல்ல!"

பக்தவச்சலம் திகைத்துப்போய், "இன்னா ஒளர்ற?" என்றார்.

"நான் அடிக்கே போவல முதலியாரே. பயந்துட்டேன். பாதியிலயே வடத்தப் புடிச்சிகினு தொங்கினேன். உடுப்புலயே ஒண்ணுக்குப் போயிட்டேன். தொட்டேன்னு சொன்னது பொய். எல்லாம் பொய். அந்தப் புள்ளயத் தூக்குங்க!"

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரு கணம் கையை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள். "சுத்துங்கடா!" என்று கலீலுல்லா கத்தினார். ஏறி வா என்று அவர் மூன்று முறை கயிற்றை இழுத்துவிட்டார். பதில் வரவில்லை. இன்னும் மூன்று. கயிறு இறுகி நின்றது, கீழே எதிலோ மாட்டிக்கொண்டுவிட்டது. கலீலுல்லாவின் உதடு துவா ஓதிக்கொண்டிருந்தது. லாசரும் கயிற்றில் கையை வைத்தார். கலீலுல்லா அந்தக் கையைத் தட்டிவிட்டார். முதல் தடவையாக.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. திடீரென்று கயிறு தளர்ந்தது. எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். தொப்பியைக் கழற்றியபோது அமீரின் இடது காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் வழிந்திருந்தது. கையில் வலையை அறுத்த கத்தி. மூச்சு வாங்க அவன் கண்கள் முதலில் லாசரைத்தான் தேடின.

"மாமு, ஏன் மேல இழுத்துகினே? கிட்ட போயிட்டேன் மாமு. இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா பெட்டியத் தொட்டிருப்பேன்."

சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். லாசர் அவன் முன்னால் முழங்கால் போட்டு, கேட்கிற காதுப் பக்கமாக வாயை வைத்து, இன்னொரு தடவை எல்லாவற்றையும் சொன்னார். அமீர் பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கரை சேர்ந்ததும் அமீரைக் கைவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடக் கிளம்பிய கலீலுல்லாவின் சட்டையை லாசர் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சிகினே ஏன் பா அவன எறக்கினே?"

கலீலுல்லாவுக்குக் கண் சிவந்திருந்தது. "வெறுங்கையோட ஏறி வந்துடுவான், கடல் இழுத்துகினு போச்சுன்னு சொல்லிக்கலாம், உன் மானம் போவாதுன்னு நெனச்சேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்." சட்டையை விடுவித்துக்கொண்டார். "பதிமூணு வருசம் லாசரு. என்னிக்காவது நீ என்னாண்ட சொல்லுவேன்னு இருந்தேன். கார்த்தால போட்ல ஏறக்குள்ளகூட சொல்லுவேன்னு உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன்."

மானம் கப்பலேறுவது என்று சொல்கிறார்களே, லாசரின் மானம் அன்று சாயங்காலத்துக்குள் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர்வரை ஏறி இறங்கிவிட்டது. ஹில்டாவின் மாமியார் ஆள் அனுப்பி விசாரித்தாள். சிலுவையம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை, குழம்பை ஊற்றிவிட்டு அடுப்பங்கரையில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். தெருவில் இப்போதும் அவர் பெட்டி லாசர்தான். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதெல்லாம் வரும் என்று அவர் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை என்பதுகூட அவருக்கு வெட்கமாக இருந்தது, இதற்காகவா அந்தப் பிள்ளையின் காதைக் கொடுத்தோம் என்று.

அமீருக்கு இடது காது போய்விட்டது. இனிமேல் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் அவனுக்குச் சாமான் தூக்குகிற வேலைதான் கொடுத்தார்கள்.

பத்து நாள் லாசர் வண்ணாரப்பேட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பதினோராம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார். சந்து முனையில் இரண்டு தடவை திரும்பி நடந்தார். அவள் அழுதால் காலில் விழுந்துவிடுவது, கத்தினால் வாங்கிக்கொள்வது, வெளியே போ என்றால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவது என்று எல்லாவற்றுக்கும் மனத்தில் பதில் வைத்திருந்தார்.

கதவைத் தட்டினார். சாபிரா திரையை விலக்கிப் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"வாங்க," என்றாள். "உள்ள வாங்க, உக்காருங்க. அவரு இப்பத்தான் தூங்கனாரு. டீ சாப்படறீங்களா?"

பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவரை நீ, வா, போ என்று மட்டுமே கூப்பிட்டவள். ஒரு நாற்காலியை எடுத்துவந்து, முந்தானையால் துடைத்து, அவருக்கு முன்னால் போட்டாள். லாசர் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் உட்காருவதுபோல அதன் நுனியில் உட்கார்ந்தார்.